பழைய பித்தளை, வெண்கலம், பீங்கானோடு விருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைச் சீமைப் பழைய வீடுகளின் அரங்கிலும் (சாமான் அறை) பரணிலும் கிடக்கும் ஏனங்களுக்கு, அதாவது பாத்திரங்களுக்கு, பெரும்பாலும் இரண்டே கதிதான். ஒன்று எடைக்குப் போகின்றன. இல்லையென்றால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்படுகின்றன. மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் சொதிக்கும் பொங்கலுக்கும் கூட்டாஞ்சோற்றுக்கும் அவற்றை எடுத்துப் புழங்க முடியும், புழங்கவும் வேண்டும். எந்த ஏனம் சாப்பாட்டைத் தொடலாம், எது தொடக்கூடாது என்பதை அதன் உலோகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அரங்கில் இருந்து இறக்கியதெல்லாம் கறுத்துப்போய் ஒரே மாதிரி இருக்கிறது. பித்தளை எது, வெண்கலம் எது, செம்பு எது?

அடிப்பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடத்தை மட்டும் எலுமிச்சைத் தோலும் உப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சிவப்பாக இருந்தால் செம்பு. சிவப்போடிய மங்கிய பொன்னிறம் என்றால் வெண்கலமாக இருக்கலாம்.

அடுத்து ஓசை. ஏனத்தைத் துணிமேல் வைத்து விரல் கணுவால் விளிம்பில் தட்டுங்கள். வெண்கலம் கோயில் மணிபோல நீண்டு ஒலிக்கும். பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். மணி ஒலி தரும் வார்ப்பு வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். இத்தனை வெள்ளீயம் சேர்வதால்தான் அது கடினமாகவும் இருக்கிறது, எளிதில் உடையவும் செய்கிறது. கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும். நீளமாக ஒலிக்க வேண்டிய வெண்கலப் பானை கரகரவென்று ஒலித்தால் எங்கோ மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதை அடுப்பில் ஏற்றக்கூடாது.

ஒரு காந்தமும் கையில் இருக்கட்டும். ஒட்டினால் அது இரும்பின்மேல் பித்தளை முலாம்.

ஆச்சி காலத்துப் பித்தளைப் பாத்திரமான குத்துப்போணியில் சாம்பார் ஊற்றி வைக்கலாமா?

உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருந்தால் வைக்கலாம், பூசாததென்றால் கூடாது. புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி எல்லாம் பித்தளையிலும் செம்பிலும் உள்ள செம்பைக் கரைத்து இழுக்கும். பச்சையாகக் களிம்பு ஏறுவது இதனால்தான். அந்தச் சாப்பாடு வாயில் உலோகக் கசப்புத் தட்டும். அளவு கூடினால் குமட்டலும் வாந்தியும் வரும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் புளிப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த சொதி பார்க்க வெள்ளையாக, சாதுவாக இருக்கும். ஆனால் இறக்கியபின் அதில் எலுமிச்சைச் சாறு பிழிகிறோம். கூடவே வரும் இஞ்சித் துவையலில் புளி. அவியலில் தயிரோ மாங்காயோ. பானகத்தில் எலுமிச்சையும் புளியும். நன்னாரி சர்பத்தும் நீர்மோரும் அப்படியே. இவை எதுவும் பூசாத பித்தளையையோ செம்பையோ தொடக்கூடாது. செம்புக் குடத்தில் தண்ணீர் வைப்பது வேறு, பானகம் கலக்குவது வேறு. விருந்தன்று அழகுக்காகச் செம்புக் குடத்தில் பானகம் ஊற்றி வைப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

வெண்கலத்துக்கு ஈயம் பூசும் வழக்கம் இல்லை. சோறு, பொங்கல், உளுந்தஞ்சோறு, பாயசம் எல்லாம் அதில் தாராளமாக வைக்கலாம். புளிக்குழம்பை மட்டும் அதிலும் வைக்காதீர்கள்.

பூச்சு இல்லாத ஏனத்தை விருந்தில் காட்டவே முடியாதா?

காட்டலாம். உள்ளே இன்னொரு பாத்திரம் இறக்குவதுதான் வழி. சொதியை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அதைப் பித்தளை உருளிக்குள் வையுங்கள். பந்தியில் உருளி மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

அளவு சொல்கிறோம். பன்னிரண்டு பேருக்கு, மறுசோற்றுக்கும் சேர்த்து, ஆளுக்கு 250 மில்லி சொதி என்றால் 3 லிட்டர். கரண்டி விட்டு அள்ள இடம் வேண்டும் என்பதால் உள்பாத்திரம் 4 லிட்டர் கொள்ள வேண்டும். வெளி உருளியின் வாய் உள்பாத்திரத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலமாவது அகலமாக இருக்கட்டும். அடியில் சிறிய எவர்சில்வர் வளையம் போட்டு அதன்மேல் உள்பாத்திரத்தை நிறுத்துங்கள். சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் சொதி முக்கால் மணி நேரம்வரை இதமான சூட்டில் இருக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். எலுமிச்சை பிழிந்த தேங்காய்ப்பால் சூடு மிஞ்சினால் திரிந்துவிடும். வெண்கல உருளியாக இருந்தால் முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சூடேற்றிக்கொண்டு பிறகுதான் வெந்நீர். குளிர்ந்த வெண்கலத்தில் திடீர்ச் சூடும், சுட்ட வெண்கலத்தில் பச்சைத் தண்ணீரும் விரிசல் விடும்.

உருளியும் தண்ணீரும் சொதியும் சேர்ந்தால் ஒருவர் தூக்குகிற எடை அல்ல. காதுகளைப் பிடித்துத் தூக்கும் முன் அவற்றை இணைக்கும் ஆணிகள் ஆடுகின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். கூடிய மட்டும் உருளியைக் கயிற்றுப் பிரிமணைமேல் முதலிலேயே வைத்துவிட்டு, உள்பாத்திரத்தைக் கடைசியில் இறக்குங்கள்.

ஈயம் பூசக் கொடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பூசுவது சுத்தமான வெள்ளீயமா என்பதைத்தான். காரீயம் (லெட்) கலந்தால் விலை குறையும், ஆனால் அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். கண்ணால் பார்த்து முழுக்க உறுதி செய்ய முடியாது. ஈயக் கட்டியைக் காட்டச் சொல்லி வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில் கோடுபோலக் கறுப்பாக விழுந்தால் வேண்டாம். கோடு விழாததால் மட்டும் கலப்பே இல்லை என்று ஆகிவிடாது. நாள்தோறும் புழங்கப்போகிற பாத்திரம் என்றால் வெள்ளீயக் கட்டியை நீங்களே நம்பிக்கையான இடத்தில் வாங்கிக் கொடுப்பதே நல்லது.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் பாத்திரத்தின் உள்பக்கம் அழுக்கும் களிம்பும் போகத் தேய்க்கப்படும். பிறகு கரியடுப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத்தை உள்ளே தொட்டு உருக்கி, பஞ்சால் சுழற்றித் துடைப்பார்கள். நவச்சாரம் உலோகத்தின்மேல் உள்ள படலத்தை நீக்குவதால்தான் ஈயம் பிடிக்கிறது. அப்போது எழும் வெள்ளைப் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும். வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

திரும்பி வந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே முழுக்க வெள்ளிபோல இருக்க வேண்டும். மூலையிலோ கழுத்து வளைவிலோ மஞ்சள் தெரிந்தால் அங்கே அழுக்குப் போகாமலே பூசியிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் முதலில் உரியும்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைப்பது, எண்ணெய் காயவைத்துத் தாளிப்பது, இரும்பு நாரால் தேய்ப்பது இம்மூன்றும் பூச்சுக்கு எமன். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். உள்ளே மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கத் தொடங்கினால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

ஈயச் செம்பில் ரசம் வைத்துப் பந்தியில் கொண்டுவரலாமா?

ஈயச் செம்பு என்பது முழுக்க ஈயத்தாலேயே ஆன சொம்பு. அது வெள்ளீயம் என்று உறுதியானால் கொண்டுவரலாம். ரசத்தைத் தனியாகக் கொதிக்கவைத்து, ஈயச் செம்பில் ஊற்றி, ஒரு நுரை பொங்கும்வரை சிறு தீயில் வைத்தால் போதும். தீ அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறக்கூடாது. ரசம் இல்லாத இடத்தைத் தீ தொட்டால் அங்கே உருகி ஓட்டை விழும். ஒடுக்கு விழுந்த பழைய செம்பு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத செம்பு, ஒட்டுப்போட்ட செம்பு எதிலும் ரசம் வேண்டாம். உணவுச் சோதனைக் கூடத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு புழங்கலாம். அதுவரை அது அலமாரியில் இருக்கட்டும்.

ஒட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பித்தளைப் பானைகளின் அடியிலோ மூக்கிலோ சாம்பல் நிறத்தில் பற்றுவைத்த தடம் இருந்தால் அதில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். மேலே ஈயம் பூசினாலும் அந்தப் பாத்திரத்தைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். பூ வைக்கவும் குடை நிறுத்தவும் அது போதும்.

புளி போட்டுத் துலக்கினால் மறுநாளே கறுக்கிறது. ஏன்?

புளியைப் பூசிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவதும், அலசியபின் துடைக்காமல் கவிழ்த்து வைப்பதும்தான் காரணம். புளிப்பு நெடுநேரம் நின்றால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாக மேலே நிற்கும். அந்தத் திட்டு துலக்கத் துலக்கப் போகாது.

எலுமிச்சம்பழ அளவு புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, ஒரு தேக்கரண்டி கல்லுப்புச் சேர்த்து, கை பொறுக்கும் அளவு பகுதி பகுதியாகத் தேய்த்து, உடனே கழுவுங்கள். கடைசியாகச் சோப்பு நீரால் ஒரு முறை. எஞ்சிய புளிப்பு அதில் போய்விடும். பிறகு பழைய வேட்டித் துணியால் ஈரம் ஒட்டாமல் துடைத்து அரை மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். சித்திர வேலை உள்ள இடங்களில் வெள்ளைப்பொடி தங்கும். மூங்கில் குச்சியும் பழைய பல் துலக்கும் பிரஷும் அதற்குப் போதும், ஊசி வேண்டாம்.

செங்கல் பொடி, மணல், இரும்பு நார் மூன்றையும் விட்டுவிடுங்கள். பெயர் வெட்டிய ஏனங்களில் எழுத்து முதலில் மழுங்குவது இவற்றால்தான். அந்த எழுத்தை மறுபடி வெட்டினாலும் அது புது எழுத்துதான். எந்த ஆச்சி சீராகக் கொண்டுவந்தது, எந்த ஊர், சில ஏனங்களில் எந்த வருசம் என்பதுவரை அதில் இருக்கும். பளபளப்பைவிட அந்த வரிக்கு மதிப்பு அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சாப்பாட்டைத் தொடாத ஏனத்துக்குப் பளபளப்பே தேவையில்லை. பச்சைக் களிம்பை மட்டும் நீக்கி, பழுப்பு நிறத்தை அப்படியே விட்டாலும் பட்டாலையில் (கூடத்தில்) அது அழகாகவே இருக்கும்.

வெள்ளிச் சாமானுக்கு?

பன்னீர்ச் செம்பு, சந்தனக் கும்பா (கிண்ணம்), குங்குமச் சிமிழ் இவற்றுக்குத் திருநீறும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். மிகக் கறுத்திருந்தால் அகலமான பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் கரைத்து, வெள்ளி தாளைத் தொடும்படி சில நிமிடம் மூழ்கவைத்து அலசுங்கள். சித்திரப் பள்ளத்தில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய சாமானையும் கல் பதித்ததையும் இப்படிச் செய்யாதீர்கள்.

வெள்ளிக் கிண்ணத்தில் உப்பை வைத்தபடி விடக்கூடாது, அரித்துக் குழி விழும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் அந்தத் தடம் அப்படியே கறுப்பாகப் பதியும், ரப்பரில் கந்தகம் இருப்பதால். விருந்து முடிந்ததும் பன்னீர்ச் செம்பைக் காலி செய்து, நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, திருகு மூடியைக் கழற்றிக் காயவைக்கவும்.

இலையோடு பழைய ஏனங்களை எப்படி அமைப்பது?

இலைதான் முதல், ஏனம் அதற்குப் பிறகு. ஆளுக்கு இரண்டடி இடம் விடுங்கள். ஆறடி மேசையில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். இலை நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம். தண்ணீர்ச் செம்பும் இடப்பக்கமே இருக்கட்டும். வலக்கை சோற்றில் இருக்கும், இடக்கைதான் செம்பைத் தூக்கும்.

மேசையில் மூன்று வகைக்குமேல் பழம்பொருள் வேண்டாம். ஆளுக்கொரு வெண்கலக் கும்பா, நடுவில் ஒரு உருளி, ஓரத்தில் ஒரு விளக்கு என்றால் கண்ணுக்கு நிறைவு. குத்துப்போணி, கூஜா, தூக்குவாளி, அடுக்குச் சட்டி எல்லாவற்றையும் ஏற்றினால் பாத்திரக்கடை முகப்பாகிவிடும், பரிமாறுகிறவருக்குக் கை வைக்க இடமிருக்காது. எல்லாம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு வீட்டுக் கும்பாக்கள் உயரத்தில் மட்டும் ஒத்திருந்தால் போதும்.

விளக்கைப் பரிமாறும் வழியில் வைக்காதீர்கள், சேலை முந்தானை உரசும். தூங்காமணி விளக்கைத் தொங்கவிடும் முன் கொக்கி உத்திரத்தில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுவர்ச் சாந்தில் மட்டும் நிற்கும் ஆணி எண்ணெய் நிறைந்த விளக்கைத் தாங்காது.

வெற்றிலைச் செல்லத்தை (வெற்றிலைப் பெட்டி) முன்கூடமான தார்சாவில் வைத்தால் சாப்பிட்டவர்கள் எழுந்துபோய் அங்கே உட்காருவார்கள், அடுத்த பந்திக்கும் இடம் கிடைக்கும். பாக்குவெட்டி இரும்பு. துருவைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, விருந்துக்கு முன் அதைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

உருளியில் பூ மிதக்கவிடும்போது என்ன தவறு நடக்கிறது?

மூன்று தவறுகள் நடக்கின்றன. தண்ணீரை நாள்கணக்கில் மாற்றாமல் விடுவது முதலாவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்; தண்ணீரைத் தினமும் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்து விடுங்கள், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். இரண்டாவது, நீர்மட்டத்தில் விழும் கோடு. பூவையும் நீரையும் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து உருளிக்குள் இறக்கினால் கோடு விழாது. மூன்றாவது அரளி. நிறம் அழகுதான், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு, அது ஊறிய தண்ணீர் உட்பட. சாப்பாட்டு மேசைக்கு அது வேண்டவே வேண்டாம். தாமரை, ரோசா, சாமந்தி, மல்லிகை போதும்.

கொழும்பில் இருந்தும் ரங்கூனில் இருந்தும் வந்த பீங்கான் தட்டுகளில் சாப்பிடலாமா?

உலர்ந்த பலகாரம் வைக்கலாம். முறுக்கு, அதிரசம், தோல் உரிக்காத பழம் நல்லது. பழைய வண்ணப் பூச்சிலும் மெருகிலும் காரீயம் இருந்திருக்கலாம். புளிப்பும் சூடும் அதை வெளியே இழுக்கும். மெருகில் வலைபோல நுண்விரிசல் ஓடிய தட்டு குழம்பையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் கறை பட்டுவிட்டால் கழுவி வெயிலில் வையுங்கள், இரண்டு மூன்று வெயிலில் மங்கும். பொன்விளிம்புத் தட்டு மைக்ரோவேவுக்குள் போகக்கூடாது.

அடியில் உள்ள முத்திரையை வைத்துக் காலத்தை ஓரளவு கணிக்கலாம். 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918க்குப் பிறகு. ‘ஆக்குபைட் ஜப்பான்’ முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 வரையான சில ஆண்டுகளுக்கு உரியது. பெயரே இல்லாததால் மட்டும் மிகப் பழையது என்று எண்ணிவிட வேண்டாம்.

எனாமல் தட்டில் சில்லு பெயர்ந்திருந்தால் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். அடுத்த சில்லு சோற்றில்தான் விழும். ஊறுகாய் ஜாடியின் உள்மெருகு கெடாமல் வழவழப்பாக இருந்தால் உப்பு, கருப்பட்டி போட்டு வைக்கலாம். ஊறுகாய்க்குப் புது ஜாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்சட்டி?

நெடுநாள் கிடந்ததென்றால் மறுபடி பழக்க வேண்டும். நான்கைந்து நாள் சூடான அரிசிக் கஞ்சியை ஊற்றி ஆறவிட்டுக் கொட்டுங்கள். பிறகு நல்லெண்ணெய் தடவி ஒரு நாள். முதல் சில தடவை சிறு தீயில் இருந்துதான் தொடங்க வேண்டும். அடுப்பை அணைத்தபின்னும் கொதி நிற்காது, ஆகவே குழம்பைக் கொஞ்சம் முன்னதாகவே இறக்குங்கள். புளிப்பு இதை ஒன்றும் செய்யாது என்பதால் புளிக்குழம்புக்கு இதுவே சரியான பழைய ஏனம். இல்லாதவர்கள் காருகுறிச்சி மண்சட்டியை நாடலாம்.

பத்தமடைப் பாயை மேசைவிரிப்பாகப் போடலாமா?

போடலாம், ஆனால் ஏனத்தை நேரே அதன்மேல் வைக்காதீர்கள். ஈரப் பித்தளை பச்சை வட்டம் பதிக்கும், விளக்கில் இருந்து சிந்தும் எண்ணெய் கோரைக்குள் இறங்கினால் வெளியே வராது. நடுவில் மணையோ மரத்தட்டோ வையுங்கள். சிந்தினால் உடனே ஒற்றி எடுத்து, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தவும். மடிக்கக்கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

பழைய ஏனம் வாங்கும்போதும் விற்கும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?

தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உண்மையாகப் புழங்கிய ஏனம் அடிவிளிம்பிலும் கை பிடிக்கும் இடத்திலும் வழவழவென்று தேய்ந்திருக்கும், பள்ளங்களில் கறுத்திருக்கும். அமிலம் ஊற்றிப் பழசாக்கியதில் எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். அடித்துச் செய்த ஏனத்தில் சுத்தியல் தடம் ஒழுங்கில்லாமல் ஓடும்.

கோயில் பெயரோ உபயம் என்றோ வெட்டிய எந்தப் பொருளையும் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். அது ஒருவர் விற்கக்கூடிய பொருளே அல்ல.

விற்பவர்களுக்கு: எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கும்போது உலோகத்துக்கு மட்டும்தான் விலை கிடைக்கிறது. வேலைப்பாடும் வெட்டிய பெயரும் தராசில் ஏறுவதில்லை. வீட்டில் இடமில்லையென்றால் முதலில் மகளிடமும் மருமகளிடமும் மைனியிடமும் (அண்ணி) கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா?

100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருளும் கைவினைப்பொருளும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ் தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படிப்பட்டதைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குடும்பச் சொத்து என்பதால் விலக்குக் கிடையாது.

அவ்வளவு பழமை இல்லாத, ஆனால் பார்க்கப் பழசாகத் தெரியும் வெண்கல உருளியோ விளக்கோ என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறலாம். பொருளையும் தெளிவான படங்களையும் காட்ட வேண்டியிருக்கும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். சான்றிதழைப் பெட்டிக்குள் பூட்டாமல் கையில் வைத்திருங்கள், கேட்பது விமான நிலையச் சுங்கத்தில்தான்.